எங்க ஆள் செய்த தப்பு

அப்பாவுக்குப் பிடித்த நடிகரின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பெயரைச் சொன்னால் கட்டிப்பிடித்துக்கொள்ள ஒருவரும் சண்டைக்கு வர ஒருவரும் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். அப்போதும் தாராவியில் எங்கள் சந்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எங்களுக்கு அவர் 'எங்க ஆள்'. இன்னொருவர் 'அவங்க ஆள்'. உலகத்தில் பிறந்தவர்கள் எல்லோரும் இந்த இரண்டில் ஏதாவது ஒரு கட்சியில் இருந்துதான் ஆக வேண்டும் என்று ஒன்பது வயது வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்பா சோடாக்கடை வைத்திருந்தார். முன்னால் கடை, நடுவில் ஒரு சாக்குத் திரை, திரைக்குப் பின்னால் வீடு. அந்த அறுபதுகளில் தமிழ்ப் படம் பார்க்க வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு மாட்டுங்கா போக வேண்டும். படம் பார்த்துவிட்டு வந்து, வீட்டில் சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் எங்கள் கடை பெஞ்சில் கூடிவிடுவார்கள். அப்பா ஒரு கேள்வியைப் போட்டு ஆரம்பித்து வைப்பார். அழுகையில் யார் கெட்டிக்காரர்? கதாநாயகன் கடைசியில் சாகலாமா? வில்லனை மன்னித்து விட்டது நியாயமா? வாதம் முற்றினால் தொண்டை காயும், தொண்டை காய்ந்தால் சோடா விற்கும். அப்பா கட்சிப் பற்று உள்ளவர்தான், ஆனால் வியாபாரியும்கூட.

அந்த பெஞ்சுக்கு ஒரு சட்டம் இருந்தது. படத்தில் இல்லாத ஒன்றை யார் சொல்லி மாட்டிக்கொள்கிறாரோ அவர் தோற்றவர். அவங்க ஆள் கட்சிக்குத் தலைவரான எதிர்வீட்டு மில் அண்ணாச்சி இதில் எமன். கதாநாயகன் எந்தக் கையில் கடிகாரம் கட்டியிருந்தார் என்பது வரைக்கும் அவருக்கு ஞாபகம் இருக்கும். அவரிடம் சிக்காமல் அப்பா தப்பித்து வந்தது என்னால். சந்தேகம் வந்தால் அப்பா என் பக்கம் திரும்புவார், நான் ஆமென்றோ இல்லையென்றோ தலையை ஆட்டுவேன். இதனால் எந்தப் படத்தையும் என்னால் நிம்மதியாகப் பார்க்க முடிந்ததில்லை. எதையாவது விட்டுவிடுவேனோ என்று கண்ணைச் சிமிட்டாமல் உட்கார்ந்திருப்பேன்.

எனக்கு ஒன்பது வயதான வருடம், மழை ஓய்கிற சமயத்தில் அத்தை டிராம்பேயிலிருந்து தகரப்பெட்டியோடு வந்து நின்றாள். அப்பாவின் ஒரே தங்கை. கன்னம் வீங்கியிருந்தது. கதவில் இடித்துக்கொண்டதாகச் சொன்னாள். கதவுக்கு ஐந்து விரல் இருக்குமா என்று யாரும் கேட்கவில்லை. மாமா அடித்துவிட்டார் என்று அம்மா பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது.

மாமாவைத் தேடிப் பிடித்தது அப்பாதான். மாட்டுங்காவில் டிக்கெட் வரிசையில் பழக்கம். நல்ல வேலையா, நல்ல குடும்பமா என்று பெரியவர்கள் என்னென்னவோ விசாரித்தார்கள். ஆனால் அவர் எங்க ஆள் கட்சி என்று தெரிந்த அன்றைக்கே அப்பா மனதுக்குள் தாம்பூலம் மாற்றிவிட்டார்.

வந்த தங்கையை இரு என்றும் அப்பா சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. "ஞாயித்துக்கெழம மாப்ள வரட்டும், பாப்போம்" என்றார். அத்தை பகலெல்லாம் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து சோடா பாட்டில் கழுவிக்கொண்டிருந்தாள். என் பாயில்தான் படுப்பாள். தூங்கும்போது அவள் முந்தானையைக் கையில் சுற்றிக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை வராமலே இருந்தால் நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டேன். வாழ்க்கையில் ஞாயிறு வேண்டாம் என்று நான் நினைத்தது அந்த ஒரு வாரம்தான்.

ஞாயிறு வந்தது. அத்தைக்கு மனசு லேசாகட்டும் என்று அப்பா எங்கள் எல்லோரையும் காலைக் காட்சிக்கு அழைத்துப் போனார். எங்க ஆள் படம். அதில் அவர் மனைவியைச் சந்தேகப்பட்டு ஓங்கி அறைவார். தாய் தகப்பன், கூடப்பிறந்தவர் யாரும் இல்லாத பெண் அவள். வீட்டை விட்டுப் போய் ஊர் ஊராகக் கஷ்டப்பட்டு, கடைசியில் தானே திரும்பி வந்து அவர் காலில் விழுவாள். அறைந்தபோதும் விசில் பறந்தது, விழுந்தபோதும் விசில் பறந்தது. பழக்க தோஷம், நானும் கை தட்டினேன். அத்தை மட்டும் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் பெஞ்சு கூடியதும் அப்பா கேள்வி போடுவதற்கு முன்னால் மில் அண்ணாச்சி முந்திக்கொண்டார்.

"ஒம்ம ஆளு பொண்டாட்டிய அறைஞ்சாரே, அது சரியாவே? அதச் சொல்லும் மொதல்ல."

எங்க ஆள் தப்பே செய்ய மாட்டார் என்பது எங்கள் கட்சியின் அஸ்திவாரம். அப்பா எழுந்து நின்றுவிட்டார். "பாசம் இருக்கவன்தான் அண்ணாச்சி கை நீட்டுவான். அவ கோவிச்சுட்டுப் போனதுதான் தப்பு. அப்புறம் புத்தி வந்து திரும்பி வந்தாள்லா? அதான் குடும்பம்."

எங்கள் கட்சி கை தட்டியது. அண்ணாச்சி, "காலிபீலி, சும்மா வெட்டியாப் பேசாதயும்வே" என்று கத்தினார். சோடா நன்றாகப் போயிற்று.

நான் தண்ணீர் குடிக்க உள்ளே போனேன். பாட்டில் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அத்தை கையைத் துடைத்துக்கொண்டு, கொடியில் கிடந்த புடவைகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஓடிப் போய் அம்மாவை இழுத்து வந்தேன். அம்மா பார்த்தாள், திரையை விலக்கி அப்பாவை உள்ளே கூப்பிட்டாள். வாதத்தின் நடுவில் அம்மா அப்படிக் கூப்பிட்டதே கிடையாது.

"நீங்க அங்க சொன்னது இங்க கேட்டுச்சு" என்றாள்.

"நான் படத்தப் பத்தில்லா பேசினேன்" என்றார் அப்பா.

அத்தை நிமிராமல், "நீ சொன்னது சரிதாண்ணே. திரும்பிப் போறதுதான் குடும்பம். நான் கெளம்புதேன்" என்றாள்.

அதே நேரத்தில் வெளியே, "மச்சான் இருக்காரா?" என்று மாமாவின் குரல் கேட்டது. அப்பா பெட்டியைப் பார்த்தார், அத்தையின் கன்னத்தைப் பார்த்தார். பிறகு வெளியே போனார். நான் பின்னாலேயே போனேன்.

பெஞ்சில் மாமாவுக்கு இடம் விட்டிருந்தார்கள். விவரம் கேட்டு அவரும் உற்சாகமாகிவிட்டார். "அடிக்காம என்ன செய்ய? மச்சான் சொன்னதுதான் கரெக்ட்டு" என்றார்.

அப்பா ஒரு சோடாவை எடுத்தார். கட்டைவிரலால் அமுக்கியும் கோலி உடனே இறங்கவில்லை. இரண்டாவது தடவை அமுக்கித் திறந்து மாமா கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"இல்ல மாப்ள. நல்லா யோசிச்சுப் பாத்தேன். எங்க ஆளு செஞ்சது தப்பு."

அவங்க ஆள் கட்சிக்காரர்கள்கூடக் கை தட்டவில்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மாமா சிரித்துக்கொண்டே, "என்ன மச்சான், கட்சி மாறிட்டீங்களா?" என்றார்.

அப்பா அவரைப் பார்க்கவில்லை. எதிராளியின் முகத்தைப் பார்த்துத்தான் பேச வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். அன்றைக்கு என்னவோ சாக்குத் திரையைப் பார்த்துக்கொண்டு, தேவைக்கு அதிகமாகச் சத்தம் போட்டுப் பேசினார்.

"அடிச்சது தப்பு. அவ எதுக்குத் திரும்பிப் போகணும்? போகணும்னு அவளாத் தோணுனா போகட்டும். இல்லைன்னா இருக்கட்டும். அவளுக்கு அண்ணன் வீடு இருக்குல்லா? நான் குடுத்த எடம் தப்பாப் போச்சுன்னா, அதுக்கு அவளா கால்ல விழணும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தில் அந்தப் பெண்ணுக்கு அண்ணனே கிடையாது. அப்பா எங்கேயோ கதையைக் குழப்பிவிட்டார். அவர் பார்வையில் படுகிற இடத்தில் நின்றுகொண்டு, இல்லை இல்லை என்று வேகமாகத் தலையை ஆட்டினேன். அவர் திரும்பவே இல்லை. சட்டையைப் பிடித்து இழுத்து, "அப்பா, படத்துல அவளுக்கு அண்ணன் கெடையாதுப்பா" என்று காதில் சொன்னேன். "தெரியும்ட்டீ, சும்மா இரு" என்றார்.

மில் அண்ணாச்சி பிடித்துவிடப் போகிறார் என்று பயந்துகொண்டு அவர் வாயையே பார்த்தேன். அவர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "நீரு சொல்லுததுதான்வே சரி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். ஒவ்வொருவராக எல்லோரும் போய்விட்டார்கள். மாமா பாதி சோடாவை பெஞ்சில் வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.

கொஞ்ச நேரம் கழித்து அத்தை திரையை விலக்கிக்கொண்டு கடைக்கே வந்தாள். பகலில் அவள் கடைப் பக்கம் வந்தது அன்றுதான். மாமா வைத்த பாட்டிலில் மிச்சமிருந்ததைச் சாக்கடையில் கொட்டிவிட்டு, மற்ற பாட்டில்களோடு அதையும் கழுவ எடுத்துப் போனாள். உள்ளே புடவைகள் மறுபடியும் கொடிக்கு வந்திருந்தன. அத்தை போகவில்லை என்ற சந்தோஷத்தை என்னால் முழுதாக அனுபவிக்க முடியவில்லை. அப்பா தோற்றுப் போனவர், அது யாருக்கும் தெரியாமல் இருக்கிறது, என்றைக்காவது தெரிந்துவிடும்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் மில் அண்ணாச்சி வாயைத் திறக்கும்போதெல்லாம், இன்றைக்குக் கேட்டுவிடுவார், இல்லாத அண்ணன் எங்கிருந்து வந்தான் என்று கேட்டுவிடுவார் என்று திகிலோடு உட்கார்ந்திருப்பேன். அவர் கடைசிவரை கேட்கவே இல்லை. பாவம், வயதாகிறது, அண்ணாச்சிக்கு ஞாபகமறதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.