எனக்குப் பெரிதாயிருந்த சப்பாத்து

சில வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதம். ரொறன்ரோவில் காலையில் தொடங்கிய ஸ்னோ மத்தியானமாகியும் விடவில்லை. டவுன்ரவுணில் உயரமான ஒரு கட்டடத்தின் வோஷ்ரூமில், புதுக் கோட்டும் சூட்டுமாக, கையில் புட்டுப் பெட்டியோடு நான் நின்றுகொண்டிருந்தேன். சிரிக்காதீர்கள், அந்த நிலை எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன்.

சட்டம் படித்து முடித்தால் மட்டும் இங்கே வழக்கறிஞராகிவிட முடியாது. ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சியாளராகச் சேர வேண்டும். ஆர்ட்டிக்ளிங் என்பார்கள். அது கிடைக்காவிட்டால் பட்டத்தைப் பிரேம் போட்டு மாட்டிவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். பெரிய நிறுவனங்கள் கோடையிலேயே ஆள் எடுத்து முடித்துவிட்டன. எனக்கு வந்ததெல்லாம் 'வருந்துகிறோம்' என்ற மின்னஞ்சல்கள். கூடப் படித்தவர்களுக்கெல்லாம் இடம் சரிவந்துவிட, நான் வீட்டில் அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சாப்பிடப் பழகியிருந்தேன். அந்த நேரத்தில்தான் இந்த நிறுவனம் நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. இருந்தது ஒரே ஒரு இடம்.

ஆலோசனைக்குக் குறைவில்லை. நிறுவனத்தைப் பற்றி நன்றாக வாசித்துவிட்டுப் போ, விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் சொல்ல ஒரு கதை வைத்திரு, கடைசியில் 'ஏதும் கேள்வி இருக்கா' என்றால் இல்லை என்று மட்டும் சொல்லாதே. இதெல்லாம் பல்கலைக்கழகத்தில் சொன்னது. மச்சாள், "நீ ரயில் மாதிரிக் கதைப்பாய், இடைக்கிடை மூச்சு விடடி" என்றாள். பையைத் திறந்து பார்த்து எடு என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

மில்லிக்கனில் எங்கள் வீட்டுக் கதவுப் பிடியில் அன்று காலை இரண்டு பைகள் தொங்கின. இரண்டும் ஒரே சேலைக் கடையில் கொடுத்த துணிப் பைகள். ஒன்றில் என் கறுப்புச் சப்பாத்து, மற்றதில் அப்பாவின் மத்தியானச் சாப்பாடு. அவசரக் குடுக்கையான நான் எதை எடுத்தேன் என்று இப்போது உங்களுக்கே தெரியும். காலிலோ அண்ணாவின் பழைய ஸ்னோ பூட்ஸ், உப்புப் படிந்து வெள்ளை பிடித்துக் கிடந்தது.

வோஷ்ரூமில் பெட்டியைத் திறந்து பார்த்து நான் விறைத்து நிற்க, அப்பாவின் ஃபோன் வந்தது. "பிள்ளை, சாப்பிடுவமெண்டு பையைத் திறந்தா உன்ரை சப்பாத்தெல்லோ கிடக்கு! நான் இப்பவே வெளிக்கிட்டு வாறன்." அந்த ஸ்னோவில், நகரின் வடக்கு எல்லையில் ஸ்டீல்ஸ் வீதிப் பக்கத்து வெயர்ஹவுசிலிருந்து அவர் எங்கே வந்து சேர்வது? நேர்முகத்துக்கு இன்னும் அரை மணித்தியாலம் கூட இல்லை. "வேண்டாம் அப்பா, சமாளிக்கிறன்" என்று வைத்துவிட்டு, சுவரோடு சாய்ந்து அழத் தொடங்கினேன். மீன் குழம்பு அந்தப் பளிங்கு வோஷ்ரூம் முழுக்க மணத்துக்கொண்டிருந்தது.

"புட்டா?"

திரும்பிப் பார்த்தால், கடல் நீல நிறத்தில் தலைக்கு ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், முகம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளும் சூட்டில். அழுகையும் மூக்குறிஞ்சலுமாக நான் நடந்ததைச் சொல்ல, அவள் சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டாள். பிறகு குனிந்து தன் சப்பாத்தைக் கழற்றினாள்.

"எனக்கு எட்டரை. உங்களுக்கு?"

"ஏழு. நீங்களும் இதே இன்ரர்வியூவுக்கோ வந்தனீங்கள்?"

"இப்பதான் முடிச்சிட்டு வாறன்."

"ஐயோ, ஒரே ஒரு இடம்தானே இருக்கு!"

"அதுக்கு? சப்பாத்தைப் பார்த்தா வேலை குடுக்கப் போறாங்க?" என்றபடி ரிஷ்யூத் தாளைச் சுருட்டிச் சப்பாத்து நுனிக்குள் திணித்து, என் காலடியில் வைத்தாள். "இடது பக்கம் இருக்கிறவர் சிரிக்கவே மாட்டார். பயந்துடாதீங்க, அவர்ட முகமே அப்படித்தான். நான் என்ட பூட்ஸைப் போட்டுக்கிட்டு கீழே ஃபூட் கோர்ட்ல இருக்கன்."

அந்தச் சப்பாத்தில் வேகமாக நடக்க முடியாது, கழன்றுவிடும். அதனால் வாழ்க்கையில் முதல்முறையாக நான் மெதுவாக நடந்தேன், மெதுவாக உட்கார்ந்தேன், கேள்விகளுக்கும் மெதுவாகவே பதில் சொன்னேன். நடுவில், நினைத்தபடி நடக்காத ஒரு சந்தர்ப்பத்தைச் சொல்லச் சொன்னார்கள். அதற்கு நான் மனப்பாடம் செய்துவைத்த அழகான பதில் ஒன்று இருந்தது. என்னவோ தெரியாது, வாயைத் திறந்தால் உண்மை வந்துவிட்டது. "இந்தச் சப்பாத்து என்னுடையது இல்லை" என்று தொடங்கி, புட்டு, அப்பா, வோஷ்ரூம், எனக்கு முன் வந்துபோன பெண் வரை எல்லாம் சொல்லிவிட்டேன். இடது பக்கத்துக்காரர் சிரித்தார்! பிறகு, எனக்கு முன் வந்தவரின் தாளை எடுத்து அதில் ஏதோ குறித்தார். இடம் அவளுக்குத்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. ஆனாலும் சொன்னதை நினைத்து வருத்தம் வரவில்லை.

கீழே அவள் காத்திருந்தாள். எனக்காகத் தன் பகுதி நேர வேலையிடத்துக்கு ஃபோன் எடுத்து, பிந்தி வருவதாகச் சொல்லியிருந்தாள். கடையில் இரண்டு பிளாஸ்டிக் கரண்டி வாங்கி, அப்பாவின் புட்டைப் பங்கு போட்டோம். "எங்கட உம்மாவும் இப்படித்தான் குழம்பு வைப்பாங்க, என்ன, இன்னும் கொஞ்சம் உறைப்பு" என்றாள். அவள் ஸ்காபரோவில் வெக்ஸ்போர்ட்காரி. வாப்பாவுக்கு மரவேலை. அவளுக்கும் கோடை முழுக்க 'வருந்துகிறோம்'தான். சப்பாத்தைத் திருப்பிக் கொடுத்து, ஃபோன் நம்பர்களை மாற்றிக்கொண்டோம்.

அடுத்த கிழமை அவளிடமிருந்து ஃபோன். ஹலோ சொல்லிவிட்டு அப்பாவின் சுகம் கேட்டாள், அம்மாவின் சுகம் கேட்டாள், வேலைப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

"உங்களுக்குக் கிடைச்சிட்டுது, என்ன?" என்றேன்.

"ஓம். கோவமா?"

"ஒரு கிழமைக்குக் கோவமாத்தான் இருப்பன். பிறகு புட்டுச் சாப்பிட வீட்டை வாங்கோ."

ஃபோனை வைத்துவிட்டு அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது? அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "வேறை ஆருக்கும் போகேல்லையே, அந்தப் பிள்ளைக்குத்தானே போயிருக்கு" என்றார். அந்த வார்த்தை என்னை எவ்வளவு ஆற்றியது என்று அவருக்கே தெரியாது.

சொன்னபடி அவள் வந்தாள். அம்மா புட்டு அவித்தா. அப்பா அவளுக்கு மீன் துண்டு மேல் மீன் துண்டாக வைத்தார். வைகாசியில் ஸ்காபரோ பிளாசா ஒன்றிலுள்ள சின்னச் சட்ட அலுவலகம் என்னை நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. அதற்கு முதல்நாள் மாலை அவள் எங்கள் வாசலில் நின்றாள், கையில் அன்று எனக்குக் கழற்றித் தந்த அதே சப்பாத்து.

"எனக்குச் சப்பாத்து இருக்குதே!"

"தெரியும். இதைப் போட்டா மெதுவா நடப்பீங்க."

ரிஷ்யூவும் புதிதாக மாற்றி வைத்திருந்தாள். அந்த இடம் எனக்குக் கிடைத்தது. இன்றும் நான் அங்கேதான் வேலை செய்கிறேன்.

இப்போது பயிற்சிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் என்னிடம் ஆலோசனை கேட்கிறார்கள். எனக்குச் சொன்னதையெல்லாம் நானும் சொல்கிறேன். கடைசியில், காத்திருக்கும் அறையில் பக்கத்தில் இருப்பவரிடம் சாப்பிட்டாச்சா என்று ஒரு வார்த்தை கேளுங்கோ என்பேன், சிலர் நான் பகிடி விடுகிறேன் என்று நினைப்பார்கள். அந்தச் சப்பாத்தை அவள் திருப்பி வாங்கவே இல்லை. நீதிமன்றத்தில் வாதாடப் பயமாயிருக்கும் நாட்களுக்கென்று அலுவலக மேசைக்குக் கீழே வைத்திருக்கிறேன். எடுத்துப் போட்டதும், விரல் நுனியில் அந்த ரிஷ்யூ தட்டுப்படும்போது, நான் எந்த இடத்துக்கும் தனியாகப் போகவில்லை என்று மனது சொல்லும்.