இடது பக்க மட்கார்டு

டிப்ளமோ முடித்து ஒரு வருடம் வீட்டில் சும்மா இருந்த பிறகு, காரைக்குடியில் சாக்கோட்டை போகிற ரோட்டிலிருந்த ஒரு டிங்கர் பட்டறையில் எனக்கு வேலை கிடைத்தது. கிடைத்தது என்று சொல்வதுகூடச் சரியில்லை. முதலாளி “பாப்பம்” என்றுதான் சொல்லியிருந்தார். பிள்ளையார்பட்டிக்கு வருகிற வேன்கள் எங்காவது உரசிக்கொண்டு வந்து நிற்கும். நசுங்கிய கதவை உள்ளிருந்து தட்டி எடுத்து, மிச்சமிருக்கும் பள்ளத்தில் பட்டி மாவைப் பூசி நிரவி, பெயிண்ட் அடித்து அனுப்ப வேண்டும். காய்ந்த பட்டியை உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது என் வேலை. மூன்று வாரம் தேய்த்தேன். சோறு சாப்பிட்டாலும் வாயில் அந்த மாவு நெறிபடும்.

எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் செங்கல் சூளைக்குப் போனவர்கள். அக்கா மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்டாள். என்னைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. பிறகு தையல் கற்றுக்கொண்டாள். நான் பாலிடெக்னிக் போனது அவளுடைய மிஷினை நம்பித்தான். அதனால் பட்டறையில் நான் நிலைப்பேனா மாட்டேனா என்பது என் ஒருவனுடைய சங்கதி இல்லை. ‘படிக்க வச்சு உப்புத்தாள் தேய்க்க விட்டுருக்காக’ என்று சூளையில் யாரோ சொன்னதை அம்மா என்னிடம் மறைத்துவிட்டாள். அப்பா சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் செட்டியார் வீட்டு ஆச்சி ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பின்னாலேயே ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் சாக்கு சுற்றிய சாமான் ஒன்று வந்தது. பிரித்தால், சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து மிதித்து ஓட்டுகிற கார். அவருடைய அப்பா, அவர் சொல்வதில் அப்பச்சி, பினாங்கிலிருந்து கப்பலில் கொண்டுவந்தது. அண்ணனுக்காக வந்த கார் அது. வீட்டு முற்றமான வளவைச் சுற்றி அண்ணன் மிதிக்க, இவர் பின்னாலிருந்து தள்ளுவாராம். இன்னும் பன்னிரண்டு நாளில் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். அன்றைக்கு வாசலில் இந்தக் கார் நிற்க வேண்டும், அவருக்குத் தெரியாமல் செய்து வைக்க வேண்டும் என்பது ஆச்சியின் ஆசை.

அடித்தகடு இரண்டு இடத்தில் ஓட்டை. கதவுக்குக் கீழே இருக்கிற பட்டைத் தகடு போயிருந்தது. அதெல்லாம் வெட்டி வைத்துவிடலாம். முன்சக்கரத்தின் மேல் கவிந்திருக்கும் மட்கார்டுகளில் வலது பக்கத்தது நன்றாக இருந்தது. இடது பக்கத்தது விரல் பட்டால் உதிர்ந்தது.

“ஒண்ணும் பிரச்சினை இல்ல ஆச்சி” என்றார் முதலாளி. “தகரத்தை ஒட்டி, மேல பட்டி போட்டு இழுத்துட்டா புதுசு மாதிரி வந்துரும்.”

ஆச்சி குனிந்து நல்ல மட்கார்டை விரல் முட்டியால் தட்டினார். கணீரென்றது.

“பாத்திரம் வாங்கையில தட்டிப் பாத்துத்தான் எடுக்கிறது எங்க பழக்கம். ரெண்டு பக்கமும் இந்தச் சத்தம் வரணும். மாவைப் பூசிக் குடுத்தீகன்னா எனக்குத் தெரிஞ்சு போகும்.”

அவர் போனபின் முதலாளி பட்டறையைச் சுற்றிப் பார்த்தார். ஆவணி மாதம். முகூர்த்த நாட்களை முன்னிட்டு வேன்கள் வரிசையில் நின்றன. பெரிய ஆட்கள் யாரையும் பொம்மைக் காருக்கு விட முடியாது. கண் என்மேல் வந்து நின்றது.

“படிச்சிருக்கேல்ல. வரைஞ்சு கிரைஞ்சு செஞ்சு பாரு. வந்துச்சுன்னா தகட்டு வேலைக்கு வந்துரு. வரலைன்னா வேற எடம் பாத்துக்க தம்பி. தேய்க்கிறதுக்கு எதுக்கு டிப்ளமோ?”

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். பாலிடெக்னிக்கில் ஒரு பாடம் உண்டு. புனல், குழாய் முதலானவற்றைப் பிரித்துப் படுக்கவைத்தால் தகட்டில் எப்படி இருக்கும் என்று வரைய வேண்டும். வரைந்ததை வெட்டி வளைத்தால் புனல் வந்துவிடும். அதில் எனக்கு நல்ல மார்க். ஆனால் மட்கார்டு புனல் இல்லை. தேங்காய் மூடியை நீளவாக்கில் இழுத்துவிட்டது போல, அப்படியும் வளைந்து இப்படியும் வளைந்திருந்தது. அது படுக்காது. எந்தத் தாளை அதன்மேல் வைத்தாலும் ஓரம் சுருங்கி நின்றது.

சுருங்குகிற இடத்தையெல்லாம் வெட்டி எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். சார்ட் பேப்பரில் பூவிதழ் மாதிரி வரைந்து, அதைத் தகட்டில் வெட்டி, இதழ்களைக் கூட்டிப் பிடித்தேன். வெல்டர் அண்ணன் கேஸ் வெல்டிங் வைத்து ஒட்டினார். ஒட்டும்போதே தகடு கண்முன்னால் நெளிந்தது. மெல்லிய தகடு, ஒரு இடம் ஒட்டினால் பக்கத்து இடம் எழும்பியது. இரண்டாவது தகட்டில் இதழ்களைச் சின்னதாக்கி எண்ணிக்கையைக் கூட்டினேன். ஒட்டுகள் கூடின, நெளிவும் கூடியது.

வெல்டர் அண்ணன் அதைக் குறட்டால் தூக்கி எல்லோருக்கும் காட்டினார். “இன்சினியரு அப்பளம் பொரிச்சிருக்காரு. யாருக்காச்சும் வேணுமாப்பா?”

முதலாளி சிரிக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இன்னும் ஒரு தகடு தருவதாகவும், திங்கள்கிழமை தொடங்கி அதில் முடித்துவிட வேண்டும் என்றும் சொன்னார். அதற்குப் பிறகு என்ன என்று சொல்லவில்லை.

வெல்டர் அண்ணன் கெட்டவர் இல்லை. தனியாகக் கூப்பிட்டு, நெளிவில் மெல்லிசாகப் பட்டி பூசி அடித்துவிடு, பெயிண்டுக்கு மேல் அந்த அம்மாவுக்கு என்ன தெரியப்போகிறது என்றார். நான் யோசிக்காமல் இல்லை. இரண்டாவது தகட்டில் பட்டி பூசிக் காயவைத்து, யாரும் இல்லாத நேரம் பார்த்துத் தட்டியும் பார்த்தேன். நனைந்த சாக்கில் தட்டியது போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மட்கார்டைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஜன்னலோரம் அக்கா தைத்துக்கொண்டிருந்தாள். முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட்டுகள் இரண்டு பக்கமும் குவிந்து கிடந்தன. மிஷின் எண்ணெய் வாசமும் புதுத்துணி வாசமும் சேர்ந்த அந்த இடத்தில்தான் நான் பத்தாவது வரைக்கும் படித்தேன். அன்றும் பழக்கத்தில் அங்கேயே தரையில் சார்ட் பேப்பரை விரித்தேன்.

“என்னடா, ஞாயித்துக்கிழமையும் பரீட்சையா?”

சொன்னேன். இந்தத் தகடு கடைசி என்பதையும் சொன்னேன். மிதிப்பதை நிறுத்திவிட்டு நான் வெட்டி வைத்திருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள்.

“இவ்வளவையும் எதுக்கு வெட்டுன?”

“வெட்டலைன்னா மடங்கும்ல.”

“மடங்கட்டும். மடங்குறதைப் பிடிச்சு உள்ள விடு. வெட்டி எடுத்தா திரும்ப ஒட்டணும். ஒட்டுன எடம் இழுக்கத்தான் செய்யும்.”

மட்கார்டை வாங்கி முழங்காலில் கவிழ்த்துக்கொண்டாள். வீணாய்ப்போன லைனிங் துணி ஒன்றை அதன்மேல் போட்டு, நடுவில் உள்ளங்கையால் அழுத்தித் தடவினாள். துணி நடுவில் படிந்து ஓரத்தில் அலை அலையாக எழுந்தது. ஒவ்வொரு அலையையும் கிள்ளிப் பிடித்து அங்கங்கே குண்டூசி குத்திக்கொண்டே சுற்றிவந்தாள். முடிந்தபோது துணி மட்கார்டின்மேல் பிறந்ததிலிருந்து அங்கேயே இருந்தது போல் உட்கார்ந்திருந்தது. கத்திரிக்கோலை அவள் தொடவே இல்லை.

“பஃப் கைக்கு இதுதான் வேலை. ஓரத்துல சுருக்குப் பிடிச்சா நடுவுல தானாக் குழி விழுந்துரும்.”

நான் கொஞ்சம் பெரிய மனுஷத்தனமாகவே, துணி வளைந்து கொடுக்கும், இரும்பு கொடுக்காது என்று விளக்கினேன். அக்கா ஊசியைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டாள்.

“முரட்டுத் துணியும் இஸ்திரிச் சூட்டுக்கு அடங்குது. இரும்பு அடங்காதா? நீதான படிச்சவன், நீ சொல்லு.”

அடங்கும். பழுக்கக் காய்ச்சிய இரும்பை அமுக்கினால் அது தனக்குள்ளேயே போய்த் தடிக்கும். அதைப் படித்து, பரீட்சையில் எழுதி, மார்க்கும் வாங்கியிருந்தேன். அது என் கைக்கு வந்து சேர இன்னொருவர் துணியில் ஊசி குத்த வேண்டியிருந்தது. சுருக்குகள் எங்கெங்கே விழுந்தன என்று சாக்பீஸால் குறித்துக்கொண்டேன். அன்று அவள் அரைநாள் வேலையைக் கெடுத்துக்கொண்டாள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

திங்கள்கிழமை தகட்டை வேண்டியதைவிடப் பெரிதாகவே வெட்டினேன். பட்டறைக்குப் பின்னால், இடித்த வீடு ஒன்றிலிருந்து வந்த விளிம்பு உடைந்த உரல் கிடந்தது. தகட்டை அதன் குழிமேல் வைத்து மரச்சுத்தியலால் நடுவைத் தட்டத் தட்ட அது மெல்ல இறங்கியது. அக்காவின் துணியைப் போலவே ஓரம் அலையடித்து எழுந்தது. போன வாரம் அந்த அலையைப் பார்த்துத்தான் கத்திரியை எடுத்திருந்தேன்.

முதல் அலையைச் சூடு போதாமல் அடித்துவிட்டேன். அது துணி மடிவது போல ஒருபக்கம் சாய்ந்து மடிந்து, கீறலும் விட்டது. நல்லவேளையாகக் கீறல், வெட்டி எறியப்போகிற ஓரத்தோடு நின்றிருந்தது. அடுத்ததைக் கேஸ் தீயில் நன்றாகச் சிவக்கக் காய்ச்சி, குறட்டால் கிள்ளி நிறுத்தி, ஓரத்தில் திறந்திருக்கும் அலையின் வாயை முதலில் அடித்து மூடினேன். மேட்டுக்கு இனி வெளியே போக வழி இல்லை. பிறகு மேட்டை உள்ளிருந்து ஓரத்தை நோக்கி அடித்துக்கொண்டே வந்தேன். தகடு தன்னைத்தானே விழுங்கிக்கொண்டது. தடவிப் பார்த்தேன். மடிப்பு இல்லை. அந்த இடம் கொஞ்சம் தடித்திருந்தது, அவ்வளவுதான்.

முதலாளி வந்து நின்றார். வேன் கதவுக்குத் திரும்பிப் போனார். அன்றைக்குள் இரண்டு தடவை மறுபடி வந்து நின்றார்.

புதன்கிழமை ஓரத்தை வெட்டிச் சீராக்கி, உள்ளே கம்பி வைத்துச் சுருட்டி முடித்தேன். பெயிண்டர் பழைய சிவப்பையே பிடித்துவிட்டார். ஆச்சி வந்தபோது கார் பட்டறை வாசலில் வெயிலில் நின்றது. வலது பக்கம் தட்டினார். இடது பக்கம் தட்டினார். திரும்பவும் இடது பக்கம்.

“சத்தம் கொஞ்சம் தடிச்சிருக்கே.”

“புதுத் தகடு ஆச்சி. பழசு தேஞ்சு மெலிஞ்சிருக்கும்” என்றேன்.

“மாவு இல்லையில்ல?”

“பொட்டுக்கூட இல்லைங்க.”

அதற்குப் பிறகுதான் சிரித்தார். செய்தது யார் என்று கேட்டார். முதலாளி என் தோளில் கை வைத்தார். நான் சேர்ந்த நாளிலிருந்து அதுதான் முதல் தடவை.

“டிப்ளமோ படிச்ச பையன் ஆச்சி. எல்லாம் வரைஞ்சு கணக்குப் போட்டுல்ல செஞ்சான்.”

அந்தக் கையை அப்படியே வைத்திருக்கத்தான் ஆசையாக இருந்தது. பேசாமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஜன்னலோரத்தில் குவிந்து கிடந்த ஜாக்கெட்டுகள் கண்ணில் வந்து நின்றன.

“வரைஞ்சது வரலைண்ணே” என்றேன். “எங்கக்கா ஜாக்கெட் தைக்கிறாக. அவுகதான் துணியில பிடிச்சுக் காட்டுனாக. அதைப் பாத்துத்தான் அடிச்சேன்.”

முதலாளியின் கை எடுபட்டது. வெல்டர் அண்ணன்தான் முதலில் பேசினார்.

“அப்ப இன்சினியரு அவுகதான். அடுத்த வேனை அங்குட்டுக் கொண்டு போயி விட்ருவோம்ணே.”

ஆச்சி வாய்விட்டுச் சிரித்தார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முதலாளி மட்டும் குனிந்து, மட்கார்டின் உள்பக்கத்தில் விரலை விட்டு நெடுநேரம் தடவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து, “சொல்லிக் குடுத்தது யாரா இருந்தா என்ன, அடிச்சது இவன்தானே” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “நாளைக்கு உப்புத்தாளைத் தொடாத. தகட்டுப் பக்கம் வந்துரு.”

சைக்கிளை மிதித்த வேகத்தில் வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா கேட்டது வேறு.

“சுருக்கெல்லாம் அமுங்குச்சா?”

“அமுங்குச்சுக்கா. தேடுனாலும் தெரியாது.”

“எப்பக் காட்டுவ?”

கார் ஆச்சி வீட்டுக்குப் போய்விட்டிருந்தது. வேலை நிலைக்குமா என்பதிலேயே கிடந்த எனக்கு, அவளைக் கூட்டிவந்து காட்ட வேண்டும் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை. அந்த வீட்டுக்கே போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். விசேஷ வீட்டில் போய்க் காரைக் காட்டுங்கள் என்று நிற்பதா என்று சொல்லிவிட்டு அக்கா மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிட்டாள். கோபம் இல்லை. அவ்வளவு வேலை கிடந்தது.

மறுவாரம் முதலாளியிடம் கேட்டு ஒரு துண்டுத் தகடு வாங்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் இன்னொரு மட்கார்டு அடித்தேன். எந்தக் காருக்கும் இல்லாத மட்கார்டு. காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து அக்கா மடியில் வைத்தேன். அவள் வெளிப்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. திருப்பி உள்ளே பார்த்தாள். பெயிண்ட் இல்லாததால் அடித்த தடம் எல்லாம் தெரிந்தது. எந்தச் சுருக்கை முதலில் அமுக்கினாய், எது முரண்டு பிடித்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பரீட்சைக்குக்கூட நான் அவ்வளவு கவனமாகப் பதில் சொன்னதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, தைத்து முடித்த ஒரு பஃப் கையை எடுத்து மட்கார்டின்மேல் மாட்டி, தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டாள். கை உப்பிக்கொண்டு நின்றது. இத்தனை நாளும் அதை முழங்காலில் துணியைச் சுருட்டி வைத்துத்தான் தேய்த்திருக்கிறாள். சில நாள் சுட்டும் இருக்கிறது. எனக்கு அது தெரியாது.

“இது இங்கனயே இருக்கட்டும்” என்றாள்.

துருப்பிடித்துவிடுமே, பெயிண்ட் அடித்துத் தரவா என்று கேட்டேன்.

“வேண்டாம். சூட்டுக்குத் துணியில ஒட்டிக்கிரும்” என்று சொல்லிவிட்டு, மிஷின் எண்ணெயை ஒரு துணியில் தொட்டு உள்பக்கமாகத் துடைக்க ஆரம்பித்தாள்.