கவர்மென்ட் வேலை என்று சொல்லிவிட்டேன்

புகையில் வேலை செய்பவருக்குப் புற்றுநோய் வந்தால், அது வேலையால்தான் வந்தது என்று எப்படி நிரூபிப்பது? எனக்கு இன்னும் தெரியவில்லை.

என் கணவர் தீயணைப்பு வீரர். அவர் கழுத்தில் ஒரு கட்டி தென்பட்டதும், கைக்குழந்தையோடு கோலாரில் ஓர் ஆஸ்பத்திரிக்கு அவரை இழுத்துக்கொண்டு ஓடினேன். எங்கள் தங்கவயலில் அரசு வேலைக்குத் தனி மரியாதை. நர்ஸ் விசாரித்தபோது, "கவர்மென்ட் வேலை" என்று பெருமையாகச் சொன்னேன். சீட்டில் 'அலுவலகப் பணி' என்று எழுதிவிட்டார்.

துணைக்கு வந்த என் கணவரின் நண்பர், அவரும் தீயணைப்பு வீரர், அதைப் பார்த்துச் சிரித்தார். "இன்னா அண்ணி இது! நாளைக்கு கேன்சர்னு நஷ்டஈடு கேட்டா, ஃபேன் காத்துல வந்துச்சான்னு கேப்பாங்க!"

பதறிப்போய்த் திருத்தி எழுதச் சொன்னேன். நல்லவேளை, பரிசோதனையில் வெறும் கொழுப்புக் கட்டி என்றார்கள். "நீ போட்ட பிரியாணிதான்மா இது!" என்றார் கணவர். எனக்குத்தான் அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

இப்போது பல் டாக்டரிடம்கூட, "தீயணைப்பு வேலை, புகையில் நிற்பவர்" என்றே சொல்கிறேன். இவரோ இனி ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டாராம். தீயணைப்பு, போலீஸ் குடும்பத்துச் சகோதரிகளே, வருடாந்திரப் பரிசோதனைக்கு உங்கள் வீட்டுக்காரரை எப்படிக் கிளப்புகிறீர்கள்? எனக்கும் சொல்லுங்களேன்.