ஒரு மஞ்சள் விளக்கு

என் அக்காவின் கணவர் சங்கிலியிடம் கடைசிவரை ஒரு சைக்கிள்தான் இருந்தது. ஆனால் ஏலத்தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு ஏறும் ஜீப்புகளில் அவர் கைபடாதது அநேகமாக இல்லை. கம்பம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஸ்டிக்கர் கடை. குலசாமி பெயர், பிள்ளைகள் பெயர், பாய்கிற குதிரை என்று கேட்டதை வெட்டி ஒட்டுவார். ஒட்டி முடித்ததும் தூரப் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்ப்பார். கோணலாகப் பட்டால் உரித்துவிட்டு மறுபடி ஒட்டுவார்.

2007இல் டிரைவர் ராக்கையா மாரடைப்பில் இறந்துபோனார். அவருடைய ஜீப்பில் வலது விளக்கு வெள்ளை, இடது விளக்கு மஞ்சள். பனிக்குள் எதிரே அப்படி வந்தால், வருவது ராக்கையா என்று மலையில் எல்லோருக்கும் தெரியும். நினைவுக்கு வண்டிகளில் ஒட்ட ஒரு ஸ்டிக்கர் வேண்டும் என்றார்கள் டிரைவர்கள். ராக்கையாவின் மனைவி ராமுத்தாய் ஸ்டாண்டிலேயே இட்லிக்கடை வைத்திருப்பவர். "மொகத்தப் போடாதீக. வெயில்ல வெளுத்து, உரிஞ்சு தொங்குறத நான் தெனமும் பாக்கணுமா?" என்றார்.

அதனால் சங்கிலி முகம் போடவில்லை, பெயர் போடவில்லை. ஜீப்பின் முன்பக்கத்தை மட்டும் வரைந்தார். ஒரு விளக்கு மஞ்சள். யாருக்கும் அதற்குமேல் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆர்குட் இணையதளத்தில் ஜீப் பிரியர்களின் குழு ஒன்று இருந்தது. சங்கிலி சொல்லி நான்தான் அந்தப் படத்தை அதில் ஏற்றினேன். கேட்டவர்களுக்கெல்லாம் ஸ்டிக்கரை இலவசமாகவே தபாலில் அனுப்பினார். ஒரு வருடம் கழித்து, பெங்களூரில் வேலை பார்க்கும் தன் தங்கை மகன் கொடுத்த ஒரு டி-ஷர்ட்டோடு வந்தார் டிரைவர் தங்கபாண்டி. இணையத்தில் வாங்கியதாம். நெஞ்சில் அதே ஜீப்.

"ஏலே சங்கிலி, செத்தவன் வண்டிய என்ன வெலைக்குடா வித்த?"

"நான் யாருக்கும் விக்கலண்ணே. சத்தியமா இல்ல."

"பெறகு காத்துல பறந்தா போச்சு?"

அன்றிலிருந்து கடைக்கு யாரும் வரவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டார். ராமுத்தாய் என்ன நினைப்பாரோ என்றுதான் சாப்பாடு இறங்காமல் கிடந்தார்.

அந்தச் சட்டையை விற்ற கம்பெனிக்கு நான் மின்னஞ்சல் எழுதினேன். படம் உங்களுடையது என்பதற்கு என்ன ஆதாரம், ஜீப்பின் உருவமே வண்டிக் கம்பெனிக்குச் சொந்தமாயிற்றே, அவர்களிடம் நீங்கள் அனுமதி வாங்கினீர்களா என்று பதில் வந்தது. சங்கிலியிடம் வாசித்துச் சொன்னேன்.

"அவன் கேக்குறதும் ஞாயந்தான மாப்ள. வண்டிய நானா செஞ்சேன்?" என்றார். பிறகு, "ஆனா அந்த வெளக்கு ராக்கையாண்ணன் மாட்டுனது. அத எந்தக் கம்பெனியும் செய்யல" என்றார்.

மறுநாள் அவரே இட்லிக்கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். தங்கபாண்டியும் இன்னும் நாலைந்து டிரைவர்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"மதினி, அந்தச் சட்டைய நீங்க ஒருக்கா பாக்கணும். பாத்துட்டு என்ன சொன்னாலும் சரி."

தங்கபாண்டி வண்டியிலிருந்து எடுத்து வந்து நீட்டினார். ராமுத்தாய் கையைத் துடைத்துக்கொண்டு சட்டையை விரித்தார்.

"இது எங்க வீட்டு ஆளு வண்டி இல்லையே."

"என்ன மதினி, அச்சு அசலா அதேதான?" என்றார் தங்கபாண்டி.

"கண்ண நல்லாத் தொறந்து பாருங்க. ரெண்டும் மஞ்சளா இருக்கு. சங்கிலி குடுத்திருந்தா ஒண்ணு வெள்ளையா இருந்திருக்கும். தப்பா வரைஞ்சிருக்குன்னு நெனச்சு எவனோ திருத்தியிருக்கான். களவாண்டதுமில்லாம புத்திசாலித்தனம் வேற!"

டிரைவர்கள் சிரித்துவிட்டார்கள். தங்கபாண்டி தட்டைப் பார்த்தபடி, "எனக்கு அது தோணல, சங்கிலி" என்றார். சங்கிலிக்குக் கண் கலங்கிவிட்டது. "எனக்குந்தான் தோணலண்ணே. வரைஞ்சவனுக்கே தோணல" என்றார்.

அந்தக் கம்பெனி படத்தை நீக்கவில்லை, கடைசிவரை விற்றது. நாங்கள் எழுதிய மற்ற மின்னஞ்சல்களுக்குப் பதிலும் இல்லை. சட்டையை ராமுத்தாய் திருப்பித் தரவில்லை. "துணி நல்லாத்தான் இருக்கு" என்று சூடான இட்லிக் கொப்பரையைப் பிடித்து இறக்க வைத்துக்கொண்டார். காலையில் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் சங்கிலி அதைப் பார்த்துச் சிரிப்பார்.

போன பங்குனியில் சங்கிலி காலமானார். காரியம் முடிந்து நான் அந்தப் பக்கம் போனபோது, கொப்பரையை இறக்கிவைத்த ராமுத்தாய் கையிலிருந்த அந்தச் சட்டைத் துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அதை நாலாக மடித்துத் தனியே எடுத்து வைத்துவிட்டு, முந்தானையால் மூடியைப் பிடித்துக் கொப்பரையைத் திறந்தார்.