சுண்ணாம்பு கேட்ட பேய்

வால்நட்சத்திரம் தெரிந்த வருஷம் அது. பத்தமடையிலிருந்து முக்கூடல் போகும் பாதையில் பேய் நடமாடுகிறது என்று ஊரெல்லாம் ஒரே பேச்சு. உச்சிவெயிலில் வெள்ளைச்சேலைக்காரி ஒருத்தி மருதமரத்தடியில் நின்று சுண்ணாம்பு கேட்பாளாம். கையால் கொடுத்தால் ஆளையே பிடித்துக்கொள்வாளாம். இரும்பு முனையில் வைத்து நீட்டினால்தான் தப்பலாமாம்.

உச்சிமாகாளிக்கு மட்டும் அந்தப் பயம் இல்லை. அவள் ஆற்றங்கரையில் கோரை அறுக்கிற விதவை. வெற்றிலை போடாமல் அவளுக்கு வேலை ஓடாது. ஒருநாள் சுண்ணாம்பு தீர்ந்துபோகவே, வெயிலுக்கு முக்காடு போட்டபடி பாதைக்கு ஏறிவந்து, வண்டிக்காரன் சங்கிலிபூதத்தானிடம் கொஞ்சம் கேட்டாள். அவன் டப்பாவையே வீசிவிட்டு மாட்டை விரட்டியவன், முக்கூடல் போய்த்தான் மூச்சுவிட்டான். பேய் பிறந்த கதை அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு வண்டிக்காரர்கள் மரத்தடியில் சிரட்டை நிறையச் சுண்ணாம்பு வைத்துவிட்டுப் போனார்கள். சந்தையில் அவளைப் பார்த்த சங்கிலிபூதத்தான், "யக்கா, அங்கன தனியாப் போவாத," என்றான்.

"வெறுஞ் சுண்ணாம்ப வச்சிக்கிட்டு அது என்னலே பண்ணும்? வெத்தல பாக்கும் சேத்து வையி," என்றாள் அவள், முகம் மாறாமல்.

மறுநாளே அதுவும் வந்தது. மாகாளிக்கு ஒரு குறையும் இல்லை.

ஒரு மத்தியானம் அவள் மரத்தடியில் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு பெண்குரல் கேட்டது.

"யக்கா, இம்புட்டு சுண்ணாம்பு தாரியளா?"

அந்தப் பாதையில் இருக்கிற ஒரே பேய் தான்தான் என்று மாகாளிக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் திரும்பிப் பார்க்காமல், சுண்ணாம்பை அரிவாள் முனையில் வைத்து நீட்டினாள்.