ஆறு விநாடி

பிஸ்கட்டவே என்ற அமெரிக்க ஊரில் மருத்துவமனை மொழிபெயர்ப்பாளர் வகுப்பில் எங்களை இருவர் இருவராகப் பிரித்தார்கள். என் இணை ஒரு சீனப் பெண். என் வயதுதான், நாற்பத்தெட்டு. பகலெல்லாம் ஒரு கிடங்கில் நின்றபடி பெட்டிகளுக்கு டேப் ஒட்டுவாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. தேர்வில் தேறினால் மருத்துவமனை ஒன்றில் உட்கார்ந்து பார்க்கும் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

சீனத்திலிருந்து ஆங்கிலத்துக்கு வரும்போது அவள் திக்குவாள். நோயாளியின் மனைவியை 'அவன்' என்பாள், நிறுத்துவாள், திருத்துவாள். பேச்சுச் சீனத்தில் அவனுக்கும் அவளுக்கும் ஒரே ஒலிதானாம். எங்கள் 'அவங்க'வைப் பற்றிச் சொன்னேன்.

"அப்படியானால் நீயும் என் கட்சி" என்று சிரித்தாள்.

இறுதித் தேர்வில் எல்லோருக்கும் ஒரே கதை, அவரவர் மொழியில். தனித்தனி அறையில் அதைக் கேட்டு, ஆங்கிலத்தில் சொல்லிப் பதிவுசெய்தோம். பொருளுக்கு ஆசிரியை மதிப்பெண் போடுவார். சரளத்துக்கு, இணையின் பதிவை வீட்டில் கேட்டு நாங்களே போட வேண்டும். மூன்று விநாடிக்கு மேல் மௌனம் என்றால் ஒரு மதிப்பெண் குறையும்.

கதையில் ஒரு மகன் பேசுகிறான். அப்பா ஆஸ்பத்திரியில், அம்மா பக்கத்தில். தமிழில் நான் கேட்டது: "அப்பாவோட செருப்பை வீட்டுக்கு எடுத்துட்டு வந்துட்டேன். அவங்க போயிட்டாங்க." அம்மா கிளம்பிவிட்டார் என்று தடையில்லாமல் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

மறுநாள் சாப்பாட்டு மேஜையில் அவள் பதிவைக் கேட்டேன். செருப்பு வரை வந்தாள். நின்றாள். பிறகு மெல்ல, "என் அப்பா இறந்துவிட்டார்" என்றாள். சீனத்திலும் 'போய்விட்டார்' என்றே இருந்திருக்க வேண்டும். அவள் செருப்பை யோசித்திருக்கிறாள். நான் யோசிக்கவில்லை.

ஸ்டாப்வாட்ச் ஆறு காட்டியது. இன்னொரு முறை கேட்டேன். ஆறுதான்.

"ரெண்டுன்னு போட்டுடேன். யார் செக் பண்ணப் போறா?" என்றார் கணவர்.

"நான் பண்ணிட்டேனே."

"பால் காய்ச்சவே டைமர் வைக்கிறவகிட்ட போய்ச் சொன்னேன் பாரு" என்று எழுந்து போனார்.

ஆறு என்று எழுதிக் கொடுத்தேன்.

பொருளில் எனக்கு இரண்டு மதிப்பெண் போயிற்று, ஆனாலும் தேறினேன். பொருளில் அவளுக்கு முழு மதிப்பெண். சரளத்தில் வேறு திக்கல்களுக்கும் குறைந்திருந்ததால், மொத்தத்தில் ஒரே ஒரு மதிப்பெண் போதாமல் தேறவில்லை. மறுதேர்வு அடுத்த ஆண்டுதான். அதுவரை மருத்துவமனை காத்திருக்கவில்லை.

கடைசி நாள் தாள்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். என் தாளில் அவள் உருண்டைக் கையெழுத்தில் 'ஒரு தடங்கலும் இல்லை' என்று எழுதியிருந்தாள். என் தவறையும் கேட்டுத்தானே எழுதியிருப்பாள்.

தன் தாளைப் பார்த்துவிட்டு, "ஆறா? எனக்கு இரண்டு போலத்தான் இருந்தது" என்றாள். குரலில் கோபம் இல்லை. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்கிப் போனாள்.

அன்று அளந்ததைக் குறித்து வைத்த நாட்குறிப்புப் பக்கத்தை இன்று மறுபடி பார்த்தேன். ஆறு விநாடி. அளவில் பிழை இல்லை.