மூட்டை சுமந்த ரோமானியர்களும் பத்மா அக்காவும்

பத்மா அக்கா போய்விட்டார் என்ற செய்தி எனக்குக் கம்பெனிப் பேருந்தில்தான் வந்தது. புணேயில் ஔந்திலிருந்து சாகணுக்குப் போகும் காலைப் பேருந்து. அவரும் நானும் பல வருடங்கள் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போன வண்டி. அவருடைய கணவர் ஃபோனில், "அம்மிணி, பத்மா விடியக்காலம் போயிட்டா. நீ பஸ்ஸுல இருப்பேன்னு தெரியும். இருந்தாலும் மொதல்ல உனக்குத்தான் சொல்றேன்" என்றார். வண்டியை நிறுத்தச் சொல்லி நெடுஞ்சாலையிலேயே இறங்கிவிட்டேன். சாலையின் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதே சற்று நேரம் பிடிபடவில்லை.

இங்கே கூடியிருக்கும் நம்மில் பலருக்கும் தொழிற்சாலையில் அவரை பேக்கேஜிங் பிரிவின் பொறியாளராகத் தெரியும். காரின் உதிரிபாகங்கள் லாரியில் குலுங்காமல் போய்ச் சேர எதை எந்தத் தட்டில் எப்படி அடுக்குவது என்று முடிவு செய்வது அவர் வேலை. கோயம்புத்தூர்க்காரர், வாங்க போங்க என்று பேசியபடியே ஆளை ஒரு வழி பண்ணிவிடுவார். ஊர்ச் சுமைக்கெல்லாம் வழி சொன்ன அந்தப் பெண்மணி தன் சுமையில் ஒரு துரும்பைக்கூட யாரையும் தூக்க விடமாட்டார். எனக்கு அவர்மேல் வந்த கோபமெல்லாம் அது ஒன்றுக்காகத்தான்.

அவருடைய ரோமானியச் சிப்பாய்களைப் பற்றி உங்களில் சிலருக்கே தெரிந்திருக்கும். பக்கத்து ஃபிளாட் குழந்தையின் பிறந்தநாளுக்கு என்று ஒரு பொம்மைப் பொட்டலம் வாங்கியவர், பேருந்திலேயே அதைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே பிளாஸ்டிக் சிப்பாய்கள், அத்தனை பேரும் வாளை ஓங்கிக்கொண்டு நின்றார்கள். "எல்லாரும் வெட்டறதுக்கே நிக்கறாங்களே, சோத்துப் பை எங்க? போத்திக்கத் துணி எங்க?" என்றார். பொம்மைதானே அக்கா என்றேன். "பொம்மைன்னா பசிக்காதா? சண்டை என்னைக்கோ ஒரு நாள் அம்மிணி. நடைதான் தெனமும்." குழந்தைக்குக் கலர் பென்சில் போயிற்று. சிப்பாய்கள் அக்காவிடமே தங்கிவிட்டார்கள்.

அந்தக் காலத்து ரோமானியப் படைவீரன் ஊர் விட்டு ஊர் நடக்கும்போது தோளில் ஒரு கழியைச் சாய்த்து, அதில் தன் உடைமைகளைக் கட்டித் தூக்கிப் போவானாம். அக்கா எங்கெங்கோ தேடிப் படித்துவிட்டு வந்து சொன்னார். பிறகு என் சனிக்கிழமைகளும் அவருடைய சாப்பாட்டு மேசைக்குப் போய்விட்டன. வாள் பிடித்த கையைத் தோளோடு அறுத்து, மெல்லிய கம்பி கொடுத்து, கழியைப் பிடிக்கும் கையாகத் திருப்பி ஒட்டுவோம். கழிக்குத் துடைப்பத்து ஈர்க்கு. குழாய்க் கசிவை அடைக்கும் எபாக்ஸி மாவில் உருட்டிய தானியப் பை, பிரஸ் பட்டனில் செய்த வாணலி, பசையில் நனைத்துச் சுருட்டிய டிஷ்யூ பேப்பர் கம்பளி. நடைப்பயணத்தில் தலைக்கவசத்தை மார்பில் தொங்கவிடுவார்களாம். அதற்காக ஒவ்வொரு தலையிலும் கவசத்தைச் சீவியெடுத்து முடி வைத்தோம். முதல் ஆளுக்கு நான் வைத்த முடியைப் பார்த்து, "இது நம்ம ஹெச்.ஆர். மேனேஜருங்களா?" என்று கேட்டார்.

முதல் எட்டுப் பேரைக் காயவைத்துவிட்டு டீ குடித்து வந்து பார்த்தால், எட்டுப் பேரும் மல்லாந்து கிடக்கிறார்கள். மூட்டை பின்னால் இழுத்துவிட்டது. நான் அடக்க முடியாமல் சிரித்தேன். ஊருக்கெல்லாம் பளு எங்கே இறங்கும் என்று கணக்குப் போட்டுக் கொடுத்தவருக்கு முகம் செத்துப் போயிற்று. பிறகு அவரே சிரித்துவிட்டு, "மூட்டையை ஏத்தினோம், ஆளை மாத்தலையே. சொமை ஏறினா ஒடம்பு சும்மா இருக்குமா?" என்றார். உடனே மாப் கம்பில் குக்கரையும் ஒரு கம்பளியையும் கட்டி என் தோளில் ஏற்றி, கீழே கார் நிற்கும் இடத்தில் என்னை அங்கும் இங்கும் நடக்க வைத்தார். முதுகு எங்கே வளைகிறது, முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று பின்னாலேயே குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். காவலாளி எழுந்து நின்று, "மேடம், காவாலா சால்லாத் கா?" என்று, ஊருக்குக் கிளம்பிவிட்டீர்களா என மராத்தியில் மிகுந்த மரியாதையோடு விசாரித்தார். ஆமாம், ஊருக்குத்தான், ரோமுக்கு என்றார் அக்கா. அந்த ஆனி மாதம் பக்தர்கள் பண்டர்பூருக்கு நடந்தே போகும் பால்கி என்ற பல்லக்கு ஊர்வலம் புணே வந்தபோது, அரைநாள் லீவு போட்டுவிட்டுச் சாலையோரம் நின்று, மூட்டையோடு போகிறவர்களின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அதன் பிறகு சிப்பாய்களின் இடுப்பை வெந்நீரில் காட்டி முன்னால் வளைத்தோம். ஒருவனும் விழவில்லை.

அந்த வருடம் என் வீட்டுக் கொலுவில் கீழ்ப்படிக்கு முன்னால் மணல் பரப்பி அவர்களை வரிசையாக நடக்கவிட்டேன். மேல் மாடி மாமி குனிந்து பார்த்துவிட்டு, "என்னடி இது, சோல்ஜர்ஸ் எல்லாம் மூட்டை தூக்கிண்டு போறா! ஒரு வண்டி கிண்டி கிடையாதா?" என்று கேட்டார். சுண்டல் தின்றுகொண்டிருந்த அக்கா முன்னால் வந்தார். "எட்டுப் பேருக்கு ஒரு கோவேறு கழுதை உண்டுங்க மாமி. கூடாரம், மாவரைக்கிற கல்லெல்லாம் அதும்மேல ஏறிக்கும். எல்லாத்தையும் மனுசன் தோள்லயே ஏத்தினா ஊர் போய்ச் சேர முடியுங்களா?" மாமி கழுதை எங்கே என்று தேடினார். அடுத்த கொலுவுக்கு அதுவும் வந்து சேர்ந்தது. அதன் முகத்துக்கு மட்டும் அக்கா ஒரு வாரம் எடுத்துக்கொண்டார்.

போன மழைக்காலத்தில் அவருக்கு நோய் வந்தது. கணவருக்குத் தளேகாவ் ஆலையில் ஷிஃப்ட் வேலை. மருத்துவமனைக்கு இவரே தனியாக ஆட்டோவில் போய் வருகிறார் என்பது எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. கூட வருகிறேன் என்றால், "உனக்கு ஆயிரம் வேலை, இது என்ற பாடு" என்று ஃபோனை வைத்துவிடுவார். ஒரு நாள் நேரில் போய்க் கத்திவிட்டேன். "எல்லாத்தையும் மனுஷன் தோள்லயே ஏத்தக் கூடாதுன்னு மாமிக்குப் பாடம் எடுத்தது யாரு? நான்தான் அந்தக் கழுதை. பேசாம கிளம்புங்க!" "கழுதைக்கு லீவு கெடைக்குமா?" என்றார் அக்கா. கிடைக்கும் என்றேன்.

அதன் பிறகு ஒவ்வொரு முறையும் கூடப் போனேன். ஆனால் பையை மட்டும் தரமாட்டார். ரிப்போர்ட் ஃபைல், தண்ணீர் பாட்டில், ஸ்வெட்டர், மாற்றுத் துணி எல்லாம் அடைத்த பை. மெலிந்த தோளிலிருந்து அது வழுக்கி விழும், ஏற்றி விட்டுக்கொள்வார். நான் கை நீட்டினால் நகர்ந்துகொள்வார். கூட நடந்தும் உதவ முடியாமல் போவது என்ன வேதனை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

காரியம் முடிந்த பின் அவர் கணவர், "உனக்குப் பிடிச்ச சிப்பாய் ஒண்ணை எடுத்துக்க அம்மிணி" என்றார். வேண்டாம் என்றேன். அவர்கள் சேர்ந்து நடந்துகொண்டிருக்கிறார்கள், நடுவில் ஒருவனைப் பிரித்தெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எனக்கென்று நான் வைத்திருப்பது வேறு. கடைசி மாதத்தில் ஒரு நாள், மருத்துவமனை வாசல் சரிவில் ஏறும்போது அக்கா நின்றுவிட்டார். நான் கை நீட்டவில்லை. நீட்டி நீட்டி அலுத்துப் போயிருந்தேன். அவராகவே பையைக் கழற்றி என் தோளில் மாட்டினார். மாட்டியவர் அப்படியே விட்டுவிடவில்லை. வாரைக் குறுக்காகப் போட்டு, நீளத்தைக் குறைத்து, பை என் இடுப்பில் வந்து உட்காரும்வரை இழுத்துச் சரி செய்தார். "இப்படிப் போட்டாத்தான் உனக்கு வலிக்காது. இப்ப நட" என்றார். பின்னாலேயே, வெறுங்கையோடு, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.